சர்வருக்கும் பேக்கப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, நான் பராமரிக்கும் சர்வர் ஒன்று முற்றிலும் எரிந்துபோய்விட்டதாக வைத்துக்கொண்டு, வெளியிடத்தில் சேமித்திருந்த பேக்கப்பிலிருந்து (காப்புப் பிரதியிலிருந்து) புதிய இயந்திரம் ஒன்றில் எல்லாவற்றையும் மீட்டெடுக்க உட்கார்ந்தேன். பழைய சர்வரைத் தொடக்கூடாது என்பது மட்டுமே விதி. ரெஸ்டிக் என்னும் பேக்கப் மென்பொருளை நிறுவி, சேமிப்பகத்தின் முகவரியைக் கொடுத்தவுடன் அது கடவுச்சொல்லைக் கேட்டது. கடவுச்சொல் எங்கள் குழுவின் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருந்தது. அந்தப் பாஸ்வேர்ட் மேனேஜர், எரிந்துபோனதாக நான் வைத்துக்கொண்ட அதே சர்வரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரெஸ்டிக் எல்லாத் தரவையும் மறையாக்கம் செய்தே சேமிக்கும் என்பதால், கடவுச்சொல் தொலைந்தால் தரவும் தொலைந்ததுதான். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு தரவு மையத்தில் ரெஸ்டிக் சேமித்த ஆறு ஆண்டுத் தரவு ஒரு பைட் குறையாமல் இருந்தும், அன்று நடந்தது ஒத்திகையாக இல்லாமல் உண்மையான விபத்தாக இருந்திருந்தால், அதில் ஒரு கோப்பைக்கூட என்னால் திறந்திருக்க முடியாது.

வெளியிட பேக்கப் என்றால் என்ன என்பதை அன்றுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். அதுவரை தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டுமே கணக்கிட்டு வந்தேன். அதன் பிறகு, எந்தச் சேமிப்பு முறையைப் பரிசீலித்தாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: சர்வரை அழிக்கக்கூடிய ஏதேனும் ஒரு காரணம், அது தீயாக இருக்கலாம், திருடப்பட்ட ஒரு சாவியாக இருக்கலாம், களைத்துப்போன ஒருவர் தவறாகத் தட்டிய கட்டளையாக இருக்கலாம், செலுத்தாமல் விட்ட ஒரு கட்டண பில்லாகக்கூட இருக்கலாம், அதே காரணம் பேக்கப்பையும் எட்டுமா? எட்டும் என்றால், அந்தக் காரணத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

தீயைப் பொறுத்த தூரம் எல்லோருக்கும் எளிதில் விளங்கும். ஆனாலும் அதிலேயே பெரிய பெரிய இடங்கள் தவறியிருக்கின்றன. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடங்களில் ஒன்று முழுவதும் எரிந்தது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமடைந்தது. தனிக்கட்டணம் செலுத்தி பேக்கப் வசதியை வாங்கியிருந்த வாடிக்கையாளர்கள் சிலரின் பிரதிகளும் எரிந்த கட்டடத்திலேயே இருந்தன என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது. வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து பரவிய தீயில், அரசு ஊழியர்கள் பணிக்கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம் அழிந்தது. 858 டெராபைட் தரவு. வெளியில் ஒரு பிரதிகூட இல்லை. அளவு மிகப் பெரியது என்பதே வெளியிடப் பிரதி எடுக்காமல் விட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்தக் காரணத்தை நான் பல சிறிய அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறேன். பெரிதாக இருப்பதால் விட்டுவிடுவது என்பது, அது தொலைந்தால் பரவாயில்லை என்று யாரோ ஒருவர் மற்றவர்களைக் கேட்காமலே முடிவெடுத்துவிட்டதற்குச் சமம்.

ஆகவே, பேக்கப்பை வாங்கும்போது "இது வேறு கட்டடமா, வேறு நகரமா?" என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது முதல் வேலை. "தனிச் சேமிப்பகம்" என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. பக்கத்து அலமாரியில் உள்ள வேறொரு இயந்திரத்தையும் அப்படிச் சொல்லலாம்.

அதிகாரத்தைப் பொறுத்த தூரமே அதிகம் தவறவிடப்படுவது. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் மென்பொருள் நிரல்களைப் பாதுகாத்து வைக்கும் சேவையை அமேசானின் கிளவுடில் நடத்திவந்தது. 2014 ஜூன் மாதத்தில் அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் நுழைந்த ஒருவர், பணம் கேட்டு மிரட்டி, நிறுவனத்தார் அணுகலைத் திரும்பப் பெற முயன்றபோது இயந்திரங்களையும் வட்டுகளையும் பேக்கப்புகளையும் வரிசையாக அழித்தார். வெளியிட பேக்கப் என்று அவர்கள் வைத்திருந்ததும் பெரும்பாலும் அதோடு போயிற்று. சில மணி நேரத்தில் ஒரு நிறுவனமே மூடப்பட்டது. தரவு எத்தனை தரவு மையங்களில் பரவியிருந்தாலும், ஒரே கணக்கின் கீழ் இருந்தால் ஒரே கடவுச்சொல் அத்தனையையும் எட்டிவிடும்.

தீய நோக்கம் எதுவும் இல்லாமலும் இது நடக்கும். ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதி நிறுவனமான யூனிசூப்பர், கூகுள் கிளவுடில் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைத்திருந்தது. 2024 மே மாதத்தில், அதன் கிளவுடை அமைத்தபோது கூகுள் தரப்பில் ஒரு மதிப்பு நிரப்பப்படாமல் விடுபட்டதன் விளைவாக, அதன் தனிக் கிளவுட் சந்தாவே அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களும் ஒன்றாக மறைந்தன. வேறொரு நிறுவனத்திடமும் யூனிசூப்பர் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் கைகொடுத்தது என்று இரு தரப்பும் கூட்டாகவே அறிவித்தன. இதைப் படித்த நாள் முதல், ஒரே நிறுவனத்தின் இரண்டு மண்டலங்களை இரண்டு இடங்களாக நான் எண்ணுவதில்லை. தீக்கு அவை இரண்டு. கணக்குக்கு அவை ஒன்று.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, நடைமுறையில் இருக்கும் முறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லோரும் தொடங்கும் முறை, வேறு இடத்தில் இன்னொரு சர்வரை வைத்து ஆர்சிங்க் என்னும் நகலெடுக்கும் கருவி மூலம் இரவுதோறும் கோப்புகளை அனுப்புவது. இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, ஆர்சிங்க் செய்வது ஒத்திசைவு. மூலத்தில் மாறிய கோப்பை அது அங்கும் மாற்றிவிடும், அழிந்த கோப்பை அழிக்கும்படி அமைத்திருந்தால் அதையும் அழிக்கும். ஆகவே ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) ஒன்று கோப்புகளைப் பூட்டிய அன்றிரவே, பூட்டிய கோப்புகள் நல்ல கோப்புகளின் மேல் எழுதப்பட்டுவிடும். அங்கே இசட்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறைமையில் நாள்தோறும் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் நிலையை அப்படியே பதிந்த பிரதி) எடுத்து வைத்தால்தான் பழைய நிலை தப்பும். மற்றொன்று, அனுப்பும் சர்வரிடம் பெறும் சர்வருக்குள் நுழையும் சாவி இருக்கிறது என்பது. முதல் சர்வருக்குள் நுழைந்தவருக்கு இரண்டாவதன் கதவும் திறந்தே இருக்கிறது.

இந்த இரண்டாவது ஓட்டையை அடைக்க எளிய வழி, திசையை மாற்றுவதுதான். சர்வர் பேக்கப்பை அனுப்பாமல், பேக்கப் இயந்திரம் வந்து தரவை இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போது சர்வரில் எந்தச் சாவியும் இருக்காது. பேக்கப் இயந்திரத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை முழுவதுமாக மூடிவிடலாம். இதன் விலை, பேக்கப் இயந்திரமே எல்லாச் சர்வர்களையும் படிக்கக்கூடியதாகிவிடுகிறது என்பது. அதைத் தனி வீட்டைப் போலப் பூட்டிக் காக்க வேண்டும். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில், போர்க் பேக்கப் என்னும் மென்பொருளிலும், ரெஸ்டிக்குக்கான சேமிப்புச் சர்வரான ரெஸ்ட் சர்வரிலும் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறை உண்டு. சர்வர் புதிய பிரதிகளைச் சேர்க்கலாம். பழையவற்றை அழிக்க முடியாது. பழைய பிரதிகளைக் கழிக்கும் வேலையை, சர்வருக்குத் தெரியாத வேறொரு சாவியைக் கொண்டு, வேறொரு இயந்திரத்திலிருந்து செய்ய வேண்டும். கழிப்பதற்கு முன் அண்மைப் பிரதிகள் வழக்கமான அளவில் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. ஊடுருவியவர் குப்பைப் பிரதிகளைச் சேர்த்து நல்லவற்றைக் கழிய வைக்க முடியும்.

ஒவ்வொரு கோப்பையும் ஒரு தனிப் பொருளாக (ஆப்ஜெக்ட்) வைக்கும் கிளவுட் பொருள் சேமிப்பகங்கள் இன்று பெரும்பாலோரின் தேர்வு, நியாயமான தேர்வும்கூட. அத்தகைய சேமிப்பகமான அமேசான் எஸ்3, வைத்த தரவு தொலையாமல் இருக்கும் அளவில், ஓர் ஆண்டில் பதினொரு ஒன்பதுகள் கொண்ட விழுக்காட்டு நீடிப்புக்காக, அதாவது 99.999999999 விழுக்காட்டுக்காக, வடிவமைக்கப்பட்டது. ஆனால் அந்த எண் வட்டுகள் பழுதாவதைப் பற்றியது. உரிய அனுமதியுடன் வரும் அழிப்புக் கட்டளையை அது தடுக்காது. அதே உறுதியுடன் நிறைவேற்றும். அதைத் தடுக்க ஆப்ஜெக்ட் லாக் என்னும் பூட்டு இருக்கிறது. அதில் இரு நிலைகள்: கவர்னன்ஸ் நிலையில் சிறப்பு அனுமதி பெற்றவர் பூட்டைத் தாண்டலாம், கம்ப்ளையன்ஸ் நிலையில், குறித்த காலம் முடியும்வரை கணக்கின் முதன்மை உரிமையாளரேகூட அழிக்க முடியாது. ரேன்சம்வேருக்கு எதிராக இரண்டாவதையே நான் பரிந்துரைக்கிறேன். தவறான தரவை நூறு ஆண்டுக்குப் பூட்டிவிட்டால் அதற்கும் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், முதலில் ஓரிரு நாள் காலத்தோடு சோதித்துப் பாருங்கள். அந்தக் கடுமையான பூட்டுக்கும் ஒரு வழி மீதம் உண்டு என்பதை அமேசானின் ஆவணமே சொல்கிறது: கணக்கையே அழித்தால் பொருளும் அழியும். எனவே பேக்கப் கணக்கு, சர்வர்கள் ஓடும் கணக்கிலிருந்து வேறாகவும், வேறு மின்னஞ்சலிலும், முடிந்தால் வேறு பணம் செலுத்தும் அட்டையிலும் இருக்க வேண்டும். அட்டை காலாவதியாகி, நினைவூட்டல் மின்னஞ்சல்கள் வேலையை விட்டுப்போன ஒருவரின் அஞ்சல்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்த நிலையை நேரில் பார்த்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

அரிதாகவே படிக்கும் தரவுக்கான, வாடகை குறைந்த குளிர்ச் சேமிப்பு அடுக்குகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் மீட்கும் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். அமேசானின் அத்தகைய அடுக்கான கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வைத்த தரவு வழக்கமான வேண்டுகோளுக்கு 12 மணி நேரத்துக்குள்ளும், மொத்த (பல்க்) வேண்டுகோளுக்கு 48 மணி நேரத்துக்குள்ளும்தான் படிக்கக் கிடைக்கும். பதிவிறக்கம் அதற்குப் பிறகே தொடங்கும். 180 நாளுக்கு முன் அழித்தாலும் அந்த 180 நாளுக்கான வாடகை உண்டு. தரவை வெளியே எடுக்கத் தனிக்கட்டணம் உண்டு. சேமிக்கும் விலையை மட்டும் ஒப்பிட்டு எடுத்த முடிவு, மீட்கும் நாளில்தான் தன் முழு விலையைக் காட்டும்.

இங்கேதான் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 10 டெராபைட் தரவை விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் இறக்க, இணைப்பு ஒரு நொடிகூடத் தளராமல் முழு வேகத்தில் ஓடினாலும், 9 நாளுக்கு மேல் ஆகும். ஒரு கிகாபிட் இணைப்பில் 22 மணி நேரத்துக்கு மேல். இது பெரிய கோப்புகளுக்கு. ஒத்திகை நாளில் என் நேரத்தை விழுங்கியவை சிறிய கோப்புகள்தான்: சராசரி 20 கிலோபைட் அளவில் ஏறக்குறைய 40 லட்சம் படங்கள். மொத்தம் 80 கிகாபைட். அதே 100 மெகாபிட் இணைப்பில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துசேர வேண்டியவை. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே கேட்டு, பதில் பெற்று, எழுதி முடிக்க 50 மில்லி விநாடி ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக 40 லட்சத்துக்கு 55 மணி நேரம். இந்தப் படங்களை அப்போது தனித்தனிக் கோப்புகளாகவே ஆர்குளோன் என்னும் கருவி மூலம் பொருள் சேமிப்பகத்தில் நகலெடுத்து வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் பல இழைகளை ஓடவிட்டும், திட்டமிட்ட நேரத்தைப் போலப் பல மடங்கு ஆனது. பிறகு அவற்றையும் ரெஸ்டிக்குக்கு மாற்றினேன். அது சிறு கோப்புகளைப் பெரிய பொதிகளாகக் கட்டி அனுப்புவதால் இந்தச் சுமை வெகுவாகக் குறைந்தது.

எவ்வளவு நேர வேலையை இழக்கலாம், எவ்வளவு நேரம் சேவை நின்றிருக்கலாம் என்ற இரண்டு அளவுகளையும், ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ. என்று இத்துறையில் சொல்வார்கள், இப்படியொரு கணக்குக்குப் பிறகு எழுதினால்தான் அவற்றுக்குப் பொருள் இருக்கும். நான்கு மணி நேரத்தில் மீள வேண்டும் என்று ஆவணத்தில் எழுதிவிட்டு, இருபத்திரண்டு மணி நேரம் இறங்கும் பேக்கப்பை நம்பியிருப்பவர்கள் பலர். அத்தகைய இடங்களில் அவசரமாகத் தேவைப்படும் தரவுத்தளத்தைத் தனியாகவும், பொறுத்திருக்கக்கூடிய பழைய இணைப்புக் கோப்புகளைத் தனியாகவும் பிரித்து, முதலாவதை உடனே படிக்கக்கூடிய சூடான சேமிப்பகத்திலும் இரண்டாவதைக் குளிர்ந்த அடுக்கிலும் வைப்பது செலவையும் நேரத்தையும் ஒருசேர அடக்கும்.

காந்த நாடாவான டேப் பழையது என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு உண்டு. எல்.டி.ஓ. என்னும் டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்.டி.ஓ.-9 டேப் ஒன்று சுருக்கம் இல்லாமலே 18 டெராபைட் கொள்ளும். விநாடிக்கு 400 மெகாபைட் வரை ஓடும். மேலே சொன்ன 10 டெராபைட்டை ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் படித்துவிடலாம். அதைவிட முக்கியம், டிரைவிலிருந்து (டேப்பைப் படித்து எழுதும் கருவியிலிருந்து) எடுத்து வேறொரு கட்டடத்தின் பெட்டகத்தில் வைத்த டேப்பை எந்தக் கடவுச்சொல்லாலும், எந்த நெட்வொர்க் வழியாகவும் எட்ட முடியாது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழை ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்களின் பல பிரதிகளையும் அழித்தபோது, கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். மென்பொருள் பிழை டேப் இருந்த அலமாரிவரை எட்டவில்லை. ஆனால் டேப்பை வாங்கினால் போதாது, டிரைவும் வேண்டும். அலுவலகம் எரியும்போது ஒரே டிரைவும் எரிந்துவிட்டால், பெட்டகத்தில் உள்ள டேப்புகளைப் படிக்க அன்றைக்கு எங்கிருந்து டிரைவ் கிடைக்கும் என்பதை இன்றே தெரிந்துவைத்திருக்க வேண்டும். எல்.டி.ஓ.-7 வரை டிரைவ்கள் இரண்டு தலைமுறைக்கு முந்தைய டேப்பையும் படித்தன, எல்.டி.ஓ.-8, 9 ஆகியவை ஒரு தலைமுறைக்கு முந்தையதை மட்டுமே படிக்கும். பத்து ஆண்டுக்கு மேல் டேப் வைத்திருப்பவர்கள் அதற்கேற்ற பழைய டிரைவையும் பேண வேண்டும். சில டெராபைட்டுக்குள் அடங்கும் சிறிய அமைப்புகளுக்கு டிரைவின் விலை கட்டுப்படியாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்கு ஏற்றது, மறையாக்கம் செய்த இரண்டு மூன்று வெளிப்புற ஹார்டு டிஸ்குகளைச் சுழற்சியில் எடுத்துச் செல்வது. ஒன்று எப்போதும் வெளியிடத்தில் இருக்கும். எளிமையான முறை, ஆனால் எடுத்துச் செல்பவர் விடுப்பில் போன வாரமே அது நின்றுபோகும். இதற்கு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வட்டு) வேண்டாம். எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில் உள்ள சர்வர் வகை எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி செல்சியஸில் மூன்று மாதம் தரவைக் காத்தால் போதும் என்பதே மின்னணுப் பொருள்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தர அளவு. புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட வெகுநாள் தாங்கும் என்றாலும், மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அன்று அது.

எந்த முறையானாலும், உள்ளே போவது சரியானதா என்று பார்க்காவிட்டால் எல்லாம் வீண். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால், பாதி எழுதிய பக்கங்கள் கிடைக்கலாம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் என்றால், அதன் பி.ஜி. டம்ப் கருவியால் நகல் எடுத்தோ, அடிப்படைப் பிரதியோடு அதன் எழுத்துப் பதிவுகளைத் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் கோப்புகளைத்) தொடர்ந்து அனுப்பியோதான் காக்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களை வைத்துக் காக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்பகத்தை அழித்தார். வெளியிட பேக்கப்பைத் தேடிப் போனால் எஸ்3 பெட்டி காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் இருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லவேண்டிய எச்சரிக்கை அஞ்சல்களோ, உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் தற்செயலாக எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்டே அவர்களைக் காப்பாற்றியது. நடந்தது அனைத்தையும் மறைக்காமல் எழுதி வெளியிட்ட அந்த நிறுவனத்துக்கு இத்துறையில் இருக்கும் நாம் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும்.

அதைப் படித்த பிறகு, தோல்வியை அறிவிக்கும் எச்சரிக்கையை நான் நம்புவதில்லை. வெற்றி அறிவிப்பு வராவிட்டால் அலறும் எச்சரிக்கையை, சர்வரோடு தொடர்பே இல்லாத வேறோர் இயந்திரத்தில் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குள் அண்மைப் பிரதி வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதன் அளவு முந்தைய நாளின் அளவிலிருந்து பெரிதாகக் குறைந்திருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் என் தொலைபேசி ஒலிக்கும்.

இப்போது எங்களிடம் இருக்கும் அமைப்பு இதுதான். வேறோர் ஊரில் உள்ள எங்கள் சொந்த இயந்திரம் மணிக்கொரு முறை தரவுத்தளத்தை இழுத்துக்கொள்கிறது. பெரும்பாலான மீட்பு அங்கிருந்தே நடக்கும். சர்வர் வாடகைக்குத் தந்திருக்கும் நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு நிறுவனத்தின் பொருள் சேமிப்பகத்துக்கு, முப்பது நாள் பூட்டோடு இரவுப் பிரதி போகிறது. மாதம் ஒரு முறை ஒரு ஹார்டு டிஸ்க் கையால் எடுத்துச் செல்லப்படுகிறது. கடவுச்சொற்களும் சாவிகளும் மீட்கும் படிகளும் தாளில் அச்சிடப்பட்டு, ஒட்டிய உறைகளில் இரண்டு பேரின் வீடுகளில் இருக்கின்றன.

சென்ற ஒத்திகையை நான் செய்யவில்லை. என்னுடன் பணிபுரியும் ஒருவர், நான் அருகில் இல்லாத ஒரு நாளில், அந்த உறையை மட்டும் பிரித்துச் செய்தார். தரவுத்தளம் முக்கால் மணி நேரத்தில் எழுந்தது. படங்களும் இரவுக்குள் வந்து சேர்ந்தன. கடைசியில், டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரியை) புதிய இயந்திரத்துக்குத் திருப்பும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். டொமைன் கணக்கின் இரண்டாம் கட்டக் குறியீடு என் தொலைபேசிக்கு மட்டுமே வந்துகொண்டிருந்தது. மறுநாளே அந்தக் கணக்கின் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, இரண்டு உறைகளையும் பிரித்து உள்ளே சேர்த்து, மீண்டும் ஒட்டினோம்.